ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு மீன்

முதல் பரிசு அரைக் கிலோ காபித்தூள். இரண்டாம் பரிசும் அதேதான். மூன்றாவதாக வருபவருக்குச் சில வாரம் ஸ்க்ரூடிரைவர் செட் கிடைக்கும், சில வாரம் யாராவது வீட்டில் செய்த பெர்ரி ஜாம். இதற்காக மைனஸ் பத்து, பதினைந்து டிகிரியில் உறைந்த கடல்மேல் மூன்று மணி நேரம் முழங்காலிட்டுக் கிடக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் முப்பது நாற்பது பேர் வருகிறார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

இடம் பின்லாந்தின் ஓலு நகரம். கிட்டத்தட்ட 65 டிகிரி வடக்கு. தொலைத்தொடர்பு நிறுவனங்களில் வேலைக்கென்று இங்கே வந்து சேர்ந்த நம்மவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். பெரும்பாலோர் குளிர்காலத்தை அலுவலகம், வீடு, சூப்பர் மார்க்கெட் என்ற முக்கோணத்துக்குள்ளேயே ஓட்டிவிடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனார். அதோடு சரி, மாட்டிக்கொண்டேன். ஐஸில் துளை போட்டுச் சின்னத் தூண்டிலால் மீன் பிடிப்பதற்கு இங்கே பெயர் பில்க்கி. உள்ளூர் மீன்பிடிச் சங்கம் ஒன்று ஜனவரியிலிருந்து ஏப்ரல் தொடக்கம்வரை வாராவாரம் இந்தப் போட்டியை நடத்துகிறது. இதே மாதிரி சங்கங்கள் பின்லாந்து முழுக்க இருக்கின்றன.

கார் பரிசு தருகிற பெரிய போட்டிகளும் இந்த நாட்டில் நடப்பதுண்டு. ஆயிரக்கணக்கில் கூட்டம், ஒலிபெருக்கி, பார்க்கிங் நெரிசல். அங்கே அதிர்ஷ்டக்காரருக்குத்தான் மரியாதை. வாராந்தரப் போட்டியில் அதிர்ஷ்டம் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது. பருவம் முழுக்கப் புள்ளிகள் சேர்ந்துகொண்டே வரும். ஏப்ரலில் பட்டியலைப் பார்த்தால் முதல் ஐந்து இடத்திலும் கைத்தொழில் தெரிந்தவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். எனக்குப் பிடித்தது இதுதான்.

நாங்கள் உட்காருவது கடல்மேல், பிடிபடுவதோ நன்னீர் மீன். பால்டிக் கடலின் வடகோடியான போத்னியா விரிகுடாவில் ஆறுகள் வந்து விழுந்துகொண்டே இருப்பதால் உப்பு ரொம்பக் குறைவு. சாதாரணக் கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் என்றால் இங்கே இரண்டு மூன்று கிராம்தான். அதனால் ஏரியில் வாழவேண்டிய மீனெல்லாம் கரையோரக் கடலில் திரிகின்றன. முக்கியமானது அஹ்வென் என்கிற பெர்ச். பச்சை உடம்பில் கறுப்புப் பட்டை, சிவந்த அடித்துடுப்பு, பின்லாந்தின் தேசிய மீன். அப்புறம் சர்க்கி என்கிற வெள்ளி நிறக் கெண்டை இனம், வழவழவென்று கியிஸ்கி, எப்போதாவது ஒரு பைக் என்கிற பெரிய வேட்டை மீன்.

இந்தக் கடலுக்கு இன்னொரு குணமும் உண்டு. பனியுகத்தில் மேலே கிடந்த பனிப்பாறையின் பாரம் நீங்கியதால் நிலம் இன்னமும் மேலெழும்பிக்கொண்டிருக்கிறது, நூறாண்டுக்கு அரை மீட்டருக்கும் மேல். எங்கள் போட்டிக்கு வரும் பெரியவர் ஒருவர் கரையோரப் புல்வெளியைக் காட்டி, "அங்கேதான் என் அப்பா படகு விட்டார்" என்று சொன்னபோது விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மைதான். ஐம்பது ஆண்டுக்கு முன் மீன் கிடந்த குழிகள் சில இப்போது முழங்கால் ஆழம்கூட இல்லை. பழைய வரைபடத்தை நம்பித் துளை போட்டால் டிரில் நேராக மணலில் போய் உரசும், பிளேடு போய்விடும்.

போட்டி நடக்கும் விதம் எளிது. காலை ஒன்பதரைக்குக் கரையில் பெயர் கொடுத்து, சில யூரோ கட்டணம் கட்டி, அன்றைக்கு எந்த எல்லைக்குள் பிடிக்கலாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஜனவரியில் அப்போதுதான் விடிய ஆரம்பித்திருக்கும். பத்து மணிக்கு விசில். விசில் ஊதிய பிறகே துளை போடலாம். கையால் சுற்றும் டிரில் மட்டும்தான், பேட்டரிக்கு அனுமதி இல்லை. இன்னொருவரிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளித்தான் துளை போட வேண்டும். ஒரு மணிக்குள் தராசுக்குத் திரும்பியிருக்க வேண்டும், அரை நிமிடம் தாமதித்தாலும் அன்றைய மீன் கணக்கில் வராது. பிடித்த மீன் மொத்தத்தையும் ஒரே பையில் போட்டு எடை போடுவார்கள். எந்த மீனாக இருந்தாலும் கிராமுக்குக் கிராம் சமம். இவையெல்லாம் எங்கள் சங்கத்து விதிகள். வேறு சங்கத்தில் கொஞ்சம் மாறும், போகுமுன் கேட்டுக்கொள்வது நல்லது.

மொத்த எடை என்ற அந்த ஒரு விதிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. புதிதாக வருபவர்கள் பெரிய மீனைத் தேடிப் போவார்கள். ஆழமான இடத்தில் பளபளவென்று பெரிய போலி இரையைத் தொங்கவிட்டு ஒரு கிலோ பைக்குக்காகத் தவம் கிடப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 கிராம் அஹ்வென் 120 பிடித்தால் 3 கிலோ. கைந்நீளம்கூட இல்லாத சுண்டு மீன், எங்கே பார்த்தாலும் இருப்பது. 180 நிமிடத்தில் 120 மீன் என்றால் ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று. அதற்குள்ளேயே துளை போடுவதும் நடப்பதும் இரை மாட்டுவதும் அடங்க வேண்டும். ஆக, நல்ல இடம் கிடைத்ததும் பத்து நொடிக்கு ஒன்றாக எடுத்தால்தான் நடந்த நேரத்தை ஈடுகட்ட முடியும். ஐஸ்மேல் தூண்டில் போடுவது என்றால் அமைதியாக உட்கார்ந்து தியானம் செய்வது என்று ஒரு எண்ணம் இருக்கிறது. போட்டியில் அது பாதி பொய். உட்கார்ந்தவர் தோற்றார்.

காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் எங்கள் குழுவில் உண்டு. எழுபதைத் தாண்டியவர். அவர் கையைப் பக்கத்திலிருந்து பார்த்துக் கற்றதுதான் நான் கற்றதில் பாதி. நாற்காலி வைத்துக்கொள்ள மாட்டார். தடித்த முழங்கால் பட்டையைக் கட்டிக்கொண்டு துளைக்கு முன் மண்டியிடுவார். கோல் ஒரு சாண் நீளம், நுனியில் துடிக்கிற மெல்லிய தகடு. ஆழத்துக்குச் சரியாகத் தூண்டில் நரம்பை அளந்துவிட்டிருப்பார், அதன்பிறகு சுருளைத் தொடவே மாட்டார். தகடு ஒரு மயிரிழை நிமிர்ந்ததும் இடது கை கோலைத் தூக்க, வலது கை நரம்பைப் பிடித்து இழுக்க, மறுபடி இடது, மறுபடி வலது. ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு அவ்வளவுதான், மீன் வெளியே வந்துவிடும். முள்ளின் கொக்கியை அரத்தால் தேய்த்து மழுங்கடித்திருப்பார். மீன் ஐஸில் பட்டு ஒரு துள்ளு துள்ளியதும் தானாகவே கழன்றுவிடும். மீனை அவர் தொடுவதே இல்லை. அது கீழே விழும் சத்தம் கேட்கும்போது முள் மறுபடி தண்ணீருக்குள் இருக்கும். சுற்றி விரிகிற மீன்களைத் துளை மாற்றும்போது ஒரே வாரில் பைக்குள் அள்ளிக்கொள்வார்.

கடி நின்றதும் அவர் செய்வதுதான் எனக்குக் கடைசிவரை கடினமாக இருந்தது. எழுந்து போய்விடுவார். இருபது மீன் கொடுத்த துளையாக இருந்தாலும் சரி, ஒரு நிமிடம் சும்மா கிடந்தால் கிளம்பிவிடுவார். நமக்கு மனசு வராது. இப்போதுதானே கொடுத்தது, இன்னும் இரண்டு வரும் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். அஹ்வென் கூட்டமாகத் திரியும் மீன், கூட்டம் நகர்ந்துவிட்டால் நீங்கள் மட்டும் அங்கே இருந்து என்ன பயன்? கூட்டம் போன திசை தெரியாதென்றால் பத்து மீட்டருக்கு ஒன்றாக நான்கு துளை வரிசையாகப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் பார்ப்பது நல்ல முறை. துளை போட்ட சத்தம் அடங்கவும் அந்த இடைவெளி உதவும்.

மீன் எங்கே இருக்கும் என்பதில் காலண்டருக்குப் பெரிய பங்கு உண்டு. தண்ணீர் சுமார் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தியாக இருக்கும். அதனால் ஆழமான ஏரியில் ஐஸுக்கு அடியில் பூஜ்யத்தை ஒட்டியும் தரையில் சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் மீன் சோம்பலாகக் கீழேயே கிடக்கும், இரையை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அந்த மாதங்களில் சிறிய ஈய உருண்டையோடு ஒட்டிய முள், அதில் ரத்தச் சிவப்பில் நெளியும் கொசுவினப் புழு ஒன்றிரண்டு, அசைவு மிக மெதுவாக. அன்றைக்கு ஒரு கிலோ பிடித்தாலே மேடையேறலாம். மார்ச்சில் வெயில் வந்து பகல் பன்னிரண்டு மணி நேரம் ஆனதும் எல்லாம் மாறும். மீன் கரையோர ஆழமற்ற இடங்களுக்கு வரும், நாணல் புதரை ஒட்டி ஒரு மீட்டர் தண்ணீரில்கூடக் கூட்டமாகக் கிடக்கும். அங்கே துளைக்குள் மிதக்கும் ஐஸ் தூளை முழுக்க அள்ளிப்போடாமல், நரம்பு இறங்கும் அளவுக்கு மட்டும் விரலால் வழி செய்துகொள்ளுங்கள். திடீர் வெளிச்சம் விழுந்தால் ஆழமற்ற தண்ணீரில் மீன் மிரளும்.

இரையை ஆட்டுவதில் ஒரு சின்ன வித்தை. முள்ளைத் தரையில் இரண்டு முறை தட்டினால் சேறு புகை மாதிரிக் கிளம்பும். ஏதோ பூச்சி கிளறுகிறது என்று அஹ்வென் பார்க்க வரும். உடனே ஒரு சாண் மேலே தூக்கி நிறுத்துங்கள். பெரும்பாலும் தூக்கும்போது கடிக்காது, நிறுத்தியதும் கடிக்கும்.

சாமான் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை முழுக்கக் கேட்க வேண்டாம். 110 மில்லிமீட்டர் விட்டமுள்ள கை டிரில் ஒன்று போதும். அகலம் கூடினால் சுற்றும் கைக்குத்தான் வேலை. மார்ச்சில் ஐஸ் அறுபது எழுபது சென்டிமீட்டர் கனம் இருக்கும், முப்பது துளை போட்டால் அந்த வித்தியாசம் தோளில் தெரியும். ஸ்வீடனின் மோரா டிரில்களைத்தான் இங்கே அதிகம் பார்க்கிறேன். பிளேடுதான் உயிர். கரையில் மணல் கலந்த ஐஸில் வைக்கக் கூடாது, நடக்கும்போது உறை போட்டிருக்க வேண்டும். பிளேடில் ஐஸ் பிடித்துக்கொண்டால் தட்டாதீர்கள், விளிம்பு மடிந்துவிடும். பழைய துளைத் தண்ணீரில் சிறிது நேரம் முக்கி வைத்தால் தானாகக் கரையும். நரம்பு 0.14 மில்லிமீட்டர் விட்டத்தில் போதும். கோல் இரண்டு மூன்று வைத்துக்கொள்ளலாம், ஒன்று சிக்கினால் அவிழ்த்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது, அடுத்ததை எடுக்க வேண்டியதுதான். மீன் காட்டும் சோனார் கருவியை எங்கள் போட்டியில் தடைசெய்யவில்லை. வாங்கியவர்கள் சிலர் இருக்கிறார்கள். திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பவரைவிட அடுத்த துளை போடுபவர் அதிகம் பிடிப்பதைத்தான் வாராவாரம் பார்க்கிறேன்.

புழுவைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிப்பையில் வைத்தால் பத்து நிமிடத்தில் உறைந்து செத்துவிடும். சின்ன மரப்பெட்டியில் போட்டுச் சட்டைக்குள், மார்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் கூச்சமாக இருக்கும், பழகிவிடும்.

இனி உடுப்பு. குளிருக்கு நாம் பயப்படுவதால் கார் விட்டு இறங்கும்போதே எல்லாவற்றையும் மாட்டிக்கொள்வோம். அங்கேதான் சிக்கல். ஆரம்ப இருபது நிமிடம் ஓட்டமும் டிரில் சுற்றுவதுமாக வேர்த்துக் கொட்டும். வேர்வை நனைந்த உள்ளாடையோடு முழங்காலிட்டு உட்கார்ந்ததும் அது உடம்பிலேயே குளிர ஆரம்பிக்கும். எனவே முதல் துளைவரை ஜாக்கெட்டைத் திறந்துவிட்டு, லேசாகக் குளிர்கிற மாதிரியே நடங்கள். உட்காரும்போது மூடிக்கொள்ளலாம். உடம்போடு ஒட்டும் முதல் அடுக்கு கம்பளியாக இருக்கட்டும். பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காலுக்கு இரண்டு அளவு பெரிய, உள்ளே கம்பளி உறை வைத்த பூட்ஸ். இறுக்கமான பூட்ஸுக்குள் மூன்று ஜோடி காலுறை போட்டால் ரத்த ஓட்டம் நின்று இன்னும் சீக்கிரம் மரக்கும். நோக்கியா என்றால் நமக்குக் கைபேசி. ஐஸ்மேல் இருக்கும் தாத்தாக்களுக்கு அது முதலில் ரப்பர் பூட்ஸ், அதே பாரம்பரியத்தில் வந்த நோக்கியன் பூட்ஸை இன்னமும் போட்டுக்கொண்டு வருகிறார்கள். தொலைத்தொடர்பில் வேலை பார்க்கிற என்னிடம் காலைக் காட்டிச் சிரிப்பார்கள்.

கைதான் கடைசிவரை தீராத பிரச்சினை. வெறுங்கையால்தான் புழு மாட்ட முடியும், கையோ ஈரமாகவே இருக்கும். இடுப்பில் சின்னத் துண்டு ஒன்றைச் செருகிக்கொண்டு ஒவ்வொரு முறையும் துடைத்துவிடுவதுதான் வழி. ஈரக்கையோடு கையுறைக்குள் போகாதீர்கள். விரல் நுனி வெளுத்து உணர்ச்சி போனால் தேய்க்கக் கூடாது, அக்குளில் வைத்துச் சூடேற்ற வேண்டும். அந்தப் பத்து நிமிடம் போட்டி போனால் போகட்டும். மைனஸ் 20-க்குக் கீழே இறங்கினால் எங்கள் சங்கம் போட்டியையே தள்ளிவைத்துவிடும், அதற்காக யாரும் முணுமுணுத்து நான் பார்த்ததில்லை.

ஐஸைப் பற்றி யார் வீட்டிலிருந்து போன் பேசினாலும் முதலில் கேட்பது "உடைஞ்சிடாதா?" என்பதுதான். என் அம்மா இன்றைக்கும் கேட்கிறார். உடையும். அதனால்தான் இங்கே குழந்தைக்குக்கூட விதிகள் தெரியும். தண்ணீர் நேராக உறைந்து உருவான கண்ணாடி போன்ற ஐஸ் 5 சென்டிமீட்டர் இருந்தால் ஒரு ஆள் நடக்கலாம், ஸ்னோமொபைலுக்கு 15, காருக்கு 20 என்பது பின்லாந்தில் சொல்லப்படும் கணக்கு. பனி நனைந்து உறைந்த வெள்ளை ஐஸ் அதில் பாதி பலம்தான் தாங்கும். ஓலுவுக்குப் பக்கத்திலேயே ஹைலுவோட்டோ தீவுக்குப் பல குளிர்காலங்களில் கடல்மேல் பனிச்சாலை போட்டிருக்கிறார்கள், கார்கள் ஓடியிருக்கின்றன. குளிர் குறைந்த ஆண்டுகளில் அதைத் திறந்ததே இல்லை.

கனம் மட்டும் போதாது. ஆற்று முகத்துவாரத்தில், பாலத்துக்கு அடியில், இரண்டு தீவுக்கு நடுவிலுள்ள கால்வாயில் நீரோட்டம் அடியிலிருந்து ஐஸைத் தின்றுகொண்டே இருக்கும். ஓலு நகருக்குள்ளேயே மெரிகொஸ்கி நீர்மின் நிலையம் இருக்கிறது. அதற்குக் கீழே நீரோட்டம் நேரத்துக்கு நேரம் மாறும், நேற்று நடந்த இடத்தை இன்று நம்ப முடியாது. வசந்தத்தில் இன்னொரு சங்கதி. வெயில்பட்ட ஐஸ் நெடுக்குவாட்டில் குச்சி குச்சியாகப் பிரியத் தொடங்கும். பார்க்க நாற்பது சென்டிமீட்டர் கனம், கால் வைத்தால் பொலபொலவென்று உதிரும். காலையில் இறுகியிருந்தது மதியம் ஆளைக் கீழே விட்டுவிடும். அதனால்தான் எங்கள் பருவம் ஏப்ரல் தொடக்கத்தோடு முடிகிறது. அதற்குப் பிறகும் கடலில் ஐஸ் இருக்கும், பிடிப்பவர்களும் இருப்பார்கள். சங்கம் அந்தப் பொறுப்பை ஏற்பதில்லை, எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

கழுத்தில் ஐஸ் குத்தூசி ஜோடி தொங்காமல் வந்தவரின் பெயரை எங்கள் போட்டியில் எழுதவே மாட்டார்கள். மரப்பிடியில் ஆணி பொருத்திய இரண்டு துண்டு, நடுவே கயிறு, பத்து பதினைந்து யூரோவுக்குள் கிடைக்கும். பருவத் தொடக்கத்தில் ஒரு நாள் தீயணைப்புத் துறைக்காரர்கள் வந்து சொல்லிக்கொடுத்ததை அப்படியே தருகிறேன். விழுந்ததும் குளிர் அதிர்ச்சியில் மூச்சு எக்கி எக்கி வரும், முதலில் அதை அடக்குங்கள், ஒரு நிமிடத்தில் நிதானப்படும். வந்த திசைக்குத் திரும்புங்கள், உங்களைத் தாங்கிய ஐஸ் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. குத்தூசியைக் குத்திக் காலை நீச்சலடிப்பது போல உதைத்து, வயிற்றால் ஊர்ந்து ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்கக் கூடாது, உருண்டே தூரம் போக வேண்டும். அவசர எண் 112. இந்நாட்டின் 112 செயலி வழியாக அழைத்தால் நீங்கள் நிற்கும் இடமும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். பெயர்ப்பலகை இல்லாத வெள்ளைவெளியில் அது பெரிய உதவி. குளிரில் போனின் பேட்டரி சட்டென்று இறங்கும், ஆகவே அதற்கும் உள்பைதான், புழுப்பெட்டிக்குப் பக்கத்தில்.

ஒரு மணிக்கு எல்லாரும் தராசைச் சுற்றி நிற்பார்கள். கரையில் ஏற்கெனவே நெருப்பு எரிந்துகொண்டிருக்கும், கம்பியில் குத்திய சாஸேஜ், கடுகு விழுது, பிளாஸ்க்கில் காபி. அசைவம் வேண்டாம் என்பவருக்கு ரொட்டியும் காபியும் மட்டும்தான், கையில் ஏதாவது கொண்டுபோய்விடுங்கள். பின்லாந்துக்காரர்கள் பேசமாட்டார்கள் என்பது பாதி உண்மை. மூன்று மணி நேரம் ஒரு வார்த்தை பேசாதவர் தராசுக்கு முன் வந்ததும் எந்த ஆழம், என்ன நிற முள், எத்தனை மணிக்குக் கடி நின்றது என்று விலாவாரியாகச் சொல்வார். அலுவலகத்தில் ஆங்கிலத்திலேயே காலம் ஓடிவிடுவதால் எனக்கு வந்த பின்னிஷ் மொழியில் முக்கால்வாசி மீன், ஐஸ், காற்று சம்பந்தப்பட்டதுதான். வரி அலுவலகத்தில் அது உதவாது.

வருபவர்களில் பாதிக்கு மேல் ஓய்வுபெற்றவர்கள். அவர்களில் தனியாக வாழ்பவர்கள் அதிகம். ஒருவர் தொடர்ந்து இரண்டு வாரம் வராவிட்டால் யாராவது போன் போடுகிறார்கள். வாராந்தரம் என்பதன் பலன் அங்கேதான் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய போட்டியில் வராதவரை யார் தேடுவார்கள்?

சேர விரும்புபவர்களுக்கு: பின்லாந்தில் பில்க்கிக்கு உரிமம் தேவையில்லை. குடிமகனோ சுற்றுலாப் பயணியோ, யாரும் கட்டணமின்றிப் பிடிக்கலாம். சால்மன் வகை மீன் ஏறும் ஆற்றுப் பாய்ச்சல்கள், தடை விதித்த இடங்கள் மட்டும் விலக்கு. சுழல்தூண்டில் போன்ற மற்ற முறைகளுக்குத்தான் 18 முதல் 69 வயதுவரை உள்ளவர்கள் மீன்வளக் கட்டணம் கட்ட வேண்டும். போட்டி நடத்துவதாக இருந்தால் நீர்ப்பரப்பின் உரிமையாளரிடம் அனுமதி வேண்டும், அதைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். சாமான் இல்லை என்று தயங்க வேண்டாம். முதல் நாள் போய் டிரில் இல்லை என்று சொன்னால் மூன்று பேர் நீட்டுவார்கள். நம் பிள்ளைகளைக் கூட்டிப் போவதென்றால் மார்ச்சுக்காகக் காத்திருங்கள். வெயில் இருக்கும், கடி இருக்கும், சிறுவர் பிரிவில் வந்தவர்களுக்கெல்லாம் சாக்லேட்டும் உண்டு.

பிடித்த மீனை என்ன செய்வது? ஐஸில் துடிக்கவிட்டு உறையவைப்பது இங்கே அநாகரிகம். அள்ளும்போதே தலையில் தட்டிக் கொன்றுவிட வேண்டும். வீட்டுக்கு வரும்போது அஹ்வென் விறைத்துக் கட்டையாக இருக்கும். செதில் எடுக்க முயன்றால் நாள் முழுக்க ஆகும், கத்தி வழுக்கும், முதுகு முள்ளும் செவுள் ஓரமும் கையைக் கிழிக்கும். இங்கத்துக்காரர்கள் செதிலோடு போராடுவதில்லை. முதுகுத் துடுப்புக்குப் பின்னால் கீறி, தோலைச் சட்டையைக் கழற்றுவது போல் இரு கையாலும் உரித்துவிடுகிறார்கள். நூறு மீனும் ஆய்வதற்கு ஒரு மணி நேரம் போதும். எங்கள் வீட்டில் அது பால்கனியில்தான் நடக்க வேண்டும் என்பது மனைவியின் உத்தரவு.

அஹ்வென், பைக், கியிஸ்கி மூன்றிலும் நாடாப்புழுவின் குஞ்சுப்பருவம் இருக்க வாய்ப்புண்டு. எனவே அரைவேக்காட்டிலோ வெறும் உப்பிலோ ஊறவைத்துச் சாப்பிடக் கூடாது. நன்றாக வேகவைத்தால் போதும், அல்லது மைனஸ் 20 டிகிரியில் ஒரு நாளுக்குக் குறையாமல் உறையவைத்து எடுக்க வேண்டும். உள்ளூர்க்காரர்கள் ரை மாவில் புரட்டி வெண்ணெயில் பொரிக்கிறார்கள், ரை என்பது கோதுமைக்கு உறவான ஒரு தானியம். நாங்கள் மிளகாய்த்தூள், மஞ்சள், கொஞ்சம் அரிசி மாவு தடவிப் பொரிக்கிறோம். சதை இறுக்கமாக, வெள்ளையாக இருக்கும், நெத்திலிக்குப் பக்கத்தில் வைக்கலாம். குழம்புக்கு அவ்வளவு சரிவராது, சின்ன மீன் கரைந்துவிடும். குழம்பு வைத்தே தீர வேண்டுமென்றால் தலைகளைத் தனியே வேகவைத்து வடிகட்டிய சாற்றில் புளி கரைத்து, கொதித்து இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு சதையைப் போடுங்கள்.